இரண்டு புலியூரிலும் பூனைக்கு ஒரு மூலை!

வீடும் அழகாக இருக்கணும், பூனையும் சுகமாக இருக்கணும் - வழி என்ன?

கடலூர் - சிதம்பரம்:

"சோபா வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு. நார் நாராகக் கிழிச்சுப் போட்டுடுச்சு!"

"உங்களுக்குச் சோபாவோடு போச்சு. எங்க வீட்டிலே வாசப்படி ஏறினாலே வாடை. ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்றார்!"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்சில், பூனை வளர்க்கிறவர்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும். பேச்சு இப்படித்தான் போகும்.

பூனையை விரட்ட மனசு வராது. வீடு நாறுவதையும் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. "மதில் மேல் பூனை" என்பார்கள். இங்கே மதில் மேல் நிற்பது பூனை அல்ல, வளர்ப்பவர்தான்!

கடைசியில் என்ன நடக்கிறது? ஒரு நாள் ராத்திரி பூனையைச் சாக்குப் பையில் போட்டுக் கட்டுகிறார்கள். கெடிலம் ஆற்றுக்கு அக்கரையிலோ, மீன் மார்க்கெட் பக்கத்திலோ அவிழ்த்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு வெளியே பிழைக்கத் தெரியாது. நாய்க்குத் தப்பினால் லாரிக்குத் தப்பாது. பசியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இந்தப் பாவமும் வேண்டாம், அந்தக் குற்றமும் வேண்டாம். வீட்டில் சில சின்ன மாற்றங்களைச் செய்தாலே போதும். சோபாவும் பிழைக்கும், பூனையும் பிழைக்கும்!

புலிக்குச் சொந்தக்காரன்

கடலூரில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்தின் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் வழிபட்டதால் இரண்டுக்கும் இந்தப் பெயர் வந்ததாகத் தல வரலாறு சொல்லும். ஆக, இரண்டு ஊருமே புலியூர்தான்.

பூனை யார்? புலிக்கு நெருங்கிய சொந்தக்காரன்! 2013-ம் ஆண்டு புலியின் மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவை 95 சதவீதத்துக்கு மேல் வீட்டுப் பூனையுடன் ஒத்துப் போவதாகக் கண்டார்கள்.

நம் ஊரில் பூனைக்குப் பெருமையும் குறைவில்லை. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், காலைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். கீழே எலிகள் கும்பிட்டு நிற்கின்றன!

வைணவத்தில் "மார்ஜார நியாயம்" என்று ஒன்று உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே கட்டிப் பிடித்துக் கொள்ள வேண்டும். பூனைக் குட்டியோ சும்மா இருந்தால் போதும்; தாய் வாயில் கவ்விக் கொண்டு போய்விடும். அதுபோல் பகவான் பக்தனைக் காப்பாற்றுவான் என்பது தென்கலையார் வாதம். பூனை, தத்துவத்திலேயே இடம் பிடித்துவிட்டது. வீட்டில் மட்டும் இடம் இல்லையா?

பழைய வீடு - புது வீடு

சிதம்பரம் தேர் வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், கடலூர் முதுநகரிலும் உள்ள பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், தாழ்வாரம், பின்னால் கொல்லை.

அங்கே பூனைக்கென்று யாரும் எதுவும் செய்து வைக்கவில்லை. ஆனால் பூனைக்கு வேண்டியது எல்லாமே இருந்தது. ஏறி உட்காரப் பரண். பயந்தால் ஒளிய நெல் குதிர் இடுக்கு. நகம் தீட்டக் கொல்லையில் மரம். காலைக்கடனுக்குத் தோட்டத்து மண். வெயில் காய முற்றம்.

இப்போதைய வீடு எப்படி? இரண்டு அறை. தரை முழுக்க வழவழ டைல்ஸ். கொல்லையும் இல்லை, மண்ணும் இல்லை. பரண் இருந்த இடத்தில் கதவு போட்ட லாப்ட்.

பூனை மாறவில்லை. வீடுதான் மாறிவிட்டது! மரம் இல்லாததால் சோபாவைப் பிறாண்டுகிறது. மண் இல்லாததால் அரிசி மூட்டையை நனைக்கிறது. பரண் இல்லாததால் டி.வி. மேல் ஏறுகிறது. இதைக் குறும்பு என்று அடிப்பதில் அர்த்தம் இல்லை.

பழைய வீடு கொடுத்ததைப் புது வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. எப்படி என்று பார்ப்போம்.

சோபாவைக் காப்பாற்றும் கயிறு

பூனை ஏன் பிறாண்டுகிறது? நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும். முதுகை நீட்டிச் சோம்பல் முறிக்க வேண்டும். பாதத்தில் உள்ள சுரப்பியின் வாசனையைப் பதித்து, "இது என் இடம்" என்று சொல்லவும் வேண்டும். இதை எந்தப் பூனையாலும் விட முடியாது.

கடைகளில் இதற்கென்று விலை உயர்ந்த கம்பங்கள் விற்கிறார்கள். அது தேவையே இல்லை. மூன்று அடி உயரத்தில் ஒரு மரக்கட்டை. அடியில் கனமான பலகை. கட்டையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தேங்காய் நார்க்கயிறு. அவ்வளவுதான்!

இரண்டு விஷயம் முக்கியம். பூனை முன்னங்காலைத் தூக்கி முழுசாக நீட்டும் அளவுக்குக் கட்டை உயரம் இருக்க வேண்டும். சாய்ந்தாலும் ஆடக் கூடாது. ஒரு தடவை ஆடிவிட்டால் பூனை மறுபடி அதன் பக்கம் வராது.

அழகாக இல்லையே என்று அதைக் கொண்டு போய் மூலையில் ஒளித்து வைக்கிறார்கள். தப்பு! பூனை எந்த இடத்தைக் கிழிக்கிறதோ, அதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பலகைக்குச் சோபாவின் நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் அதுவும் ஒரு சாமானாகத்தான் தெரியும்.

சோபா உறையையும் பார்த்து வாங்குங்கள். நூல் இழை தூக்கலாகத் தெரியும் துணியில் நகம் மாட்டும். நெருக்கமாக நெய்த துணியும் வெல்வெட்டும் தேவலாம். மேலே ஒரு ஜமுக்காளம் விரித்துவிட்டால் முடி கொட்டினாலும் உதறித் துவைத்துக் கொள்ளலாம்.

நகத்தையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது! அப்படி எடுப்பது விரலின் கடைசி எலும்பையே வெட்டுவதாகும்.

சுவரிலே ஒரு பரண்

பூனைக்குத் தரையைவிட உயரம்தான் பிடிக்கும். மேலே உட்கார்ந்தால் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கலாம். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுக்காது.

ஒரு சாண் அகலமுள்ள மூன்று நான்கு பலகைகளைச் சுவரில் படிப்படியாக, ஒன்றுக்கு மேல் ஒன்று தள்ளித் தள்ளி அடியுங்கள். கடைசிப் பலகை ஜன்னல் பக்கம் முடியட்டும். மேலே கோரைப்பாய்த் துண்டோ, சாக்கோ ஒட்டினால் கால் வழுக்காது. திருகு ஆணி பலமாக இருக்க வேண்டும். நாலு கிலோ பூனை பாய்ந்து இறங்கும்போது பலகை நாலு கிலோ பாரத்தை மட்டும் தாங்கவில்லை, அதைப்போல் பல மடங்கு தாங்குகிறது!

வாடகை வீடா? சுவரில் ஆணி அடித்தால் ஹவுஸ் ஓனர் சண்டைக்கு வருவாரா? இருக்கிற சாமானையே படியாக்குங்கள். முதலில் ஸ்டூல், அடுத்து மேஜை, அதற்கடுத்து பீரோ. பீரோ தலையில் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டால் பூனைக்கு அதுவே அரண்மனை.

ஒளிய ஓர் இடமும் வேண்டும். மூங்கில் கூடையைச் சாய்த்து வைக்கலாம். பழம் வரும் மரப்பெட்டியை வாங்கித் தேய்த்து வார்னிஷ் அடித்தால் டீப்பாயாகவும் ஆச்சு, பூனை அறையாகவும் ஆச்சு.

மனிதன் காதுக்கு வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். பூனைக்கு 60 ஆயிரத்துக்கு மேலும் கேட்கும். தீபாவளி வெடியும், திருவிழாக் கால வாணமும் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அது பெட்டிக்குள் பதுங்கினால் வெளியே இழுக்காதீர்கள்.

வாடைக்கு மருந்து

சண்டையெல்லாம் இதில்தான் ஆரம்பம். பூனை சுத்தக்காரப் பிராணி. தோண்டி, இருந்து, மூடிவிட்டுப் போகும். மூட மண் கொடுக்காதது நம் குற்றம்.

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று விரல் ஆழத்துக்குச் சலித்த மணல் போடுங்கள். மரத்தூளும் உபயோகிக்கலாம். கடையில் விற்கும் களிமண் குருணையும் சரி. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை கழிவை அள்ளிவிட வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. பூனையைவிடத் தொட்டி ஒன்று கூடுதல் என்பது கணக்கு.

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்தால் பூனை தொடாது. நாம் மட்டும் அப்படிச் சாப்பிடுவோமா?

தொட்டி கண்ணில் படக் கூடாது என்றால், ஒரு பக்கம் ஓட்டை போட்ட மரப் பெஞ்சுக்குள் வைக்கலாம். மேலே பூந்தொட்டி. வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் காற்று போக வழி இருக்க வேண்டும்.

தொட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். பினாயில் ஊற்றாதீர்கள்! பினால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம். பூனையின் கல்லீரலால் அதைப் பிரித்து வெளியேற்ற முடியாது. தரையில் பட்டது காலில் ஒட்டும். காலை நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லையா? வீட்டில் இருப்பது கடுவன் பூனையாக இருக்கும். எல்லை குறிக்கச் சுவரில் பீய்ச்சும் பழக்கம் அதற்கு உண்டு. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பிள்ளைத்தாச்சி இருக்கும் வீடா?

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் முதல் வேலையாகப் பூனையைத் துரத்துகிறார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. பூனைக் கழிவு மூலம் "டாக்சோபிளாஸ்மா" என்ற கிருமி பரவலாம். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம்.

ஆனால் அதற்காகத் துரத்த வேண்டியதில்லை. கழிவில் வெளியேறும் அந்தக் கிருமி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் தொட்டியைச் சுத்தம் செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல், கணவர் செய்யட்டும்! சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத காய்கறியிலும் அதே கிருமி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

பால் வேண்டாம், கருவாடும் வேண்டாம்!

"பூனைக்குப் பால்" என்று பழகிவிட்டோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஜீரணம் ஆகாது. வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரே சிறந்தது. தண்ணீர்ப் பாத்திரம் சோற்றுத் தட்டிலிருந்து தள்ளியிருந்தால் கூடுதலாகக் குடிக்கும். மண் சட்டியில் ஊற்றி வையுங்கள்.

கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் மீனுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பச்சை மீனை அப்படியே போடாதீர்கள். சில மீன்களில் உள்ள ஒரு பொருள் "பி-1" வைட்டமினை அழித்துவிடும். வேக வைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. முள்ளையும் எடுத்துவிடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். அது பூனைக்கு ஆகாது.

சைவ வீடுகளில் தயிர் சாதம் மட்டும் வைத்து வளர்க்கிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் பூனை உடம்புக்கு "டாரின்" என்ற சத்து கண்டிப்பாக வேண்டும். அது மாமிசத்தில்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் கண் பார்வை போகும், இருதயம் கெடும். வீட்டில் சமைக்க முடியாதவர்கள் பூனைக்கென்று விற்கும் உணவை வாங்கி வைக்கலாம்.

ஜுரம் என்று "பாராசிட்டமால்" மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்! வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறும் ஆகாது. பீரோவில் போடும் பாச்சை உருண்டை, எலி மருந்து இரண்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்துதான்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இது முக்கியம். எலிக்காகப் பூனை வளர்க்கிறீர்கள் என்றால் எலி மருந்து வைக்காதீர்கள். இரண்டில் ஒன்றுதான்! மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மணல் தொட்டியும் வைத்துவிடுங்கள். சரக்கு நாறாது.

குப்பைமேனிக்கு இப்படியொரு பெயர்!

வீட்டை அழகாக்கச் செடி வைக்கிறோம். அதிலும் கவனம் வேண்டும். வாசலில் வைக்கும் அரளி விஷம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் விஷம். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும். மணி பிளான்ட்டைக் கடித்தால் வாய் எரியும். மல்லிகை, செம்பருத்தி பயம் இல்லை.

பூனைக்குப் பிடித்த செடி ஒன்று நம் தெரு ஓரத்திலேயே முளைக்கிறது. குப்பைமேனி! அதற்குச் சித்த வைத்தியத்தில் இன்னொரு பெயர் "பூனைவணங்கி". வேரோடு பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் ஓடி வந்து முகத்தைத் தேய்த்துக் கொண்டு புரளும். மேல்நாட்டில் இதற்கென்று வேறு ஒரு செடியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கோ இனாம்! கயிற்றுக் கட்டையின் மேல் இந்த வேரைத் தேய்த்துவிட்டால் பூனை சீக்கிரம் பழகும். தின்ன மட்டும் விடக் கூடாது.

புயலும் மழையும்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் "தானே" புயல். 2015 கடைசியில் பெருவெள்ளம். ஒவ்வொரு தடவையும் உடுத்திய துணியோடு வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது.

அந்த அவசரத்தில் பூனையைக் கையில் தூக்கிக் கொண்டு போக முடியாது. மிரண்டால் பிறாண்டிவிட்டு ஓடிவிடும். மூடி போட்ட கூடை ஒன்றை வாங்கி, அதற்குள் துணி போட்டு, எப்போதும் கூடத்திலேயே திறந்து வையுங்கள். தினமும் அதில் தூங்கிப் பழகிய பூனை, ஆபத்து நேரத்தில் தானே உள்ளே போகும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே பழக்கிவிட வேண்டும்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை அடியுங்கள். நைலான் கொசுவலையைப் பூனை கிழித்துவிடும். "பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும்" என்று நம்பி ஏமாறாதீர்கள். காலில்தான் விழும், கால்தான் உடையும்!

ஊசியும் ஆபரேஷனும்

பெட்டைப் பூனை நாலு முதல் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சுமார் 65 நாளில் குட்டி போடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. கணக்குப் போட்டால் தலை சுற்றும்! ஆற்றங்கரையில் குட்டிகளைக் கொண்டு போய்விடும் கொடுமை இதிலிருந்துதான் வருகிறது. கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். இரண்டுக்கும் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூனை கடித்தாலோ, ரத்தம் வரப் பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க் கடிக்கு மட்டும்தான் ஊசி என்று இருந்துவிடாதீர்கள்.

ஹவுஸ் ஓனரும் மனுஷன்தானே!

தொட்டி சுத்தமாக இருந்து, வாடை வராமல், ராத்திரி சத்தம் இல்லாமல் இருந்தால் எந்த ஹவுஸ் ஓனரும் பாதிக்கு மேல் சமாதானம் ஆகிவிடுவார். புது வீட்டுக்குப் போகும்போது பூனை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வைத்துப் பிறகு மாட்டினால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

ஜீவகாருண்யம் பேசிய வள்ளலார், 1867-ம் ஆண்டில் பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டிய வடலூர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பூனைக்கு மூன்றடிக் கட்டையும், ஒரு தொட்டி மணலும் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கட்டுத் தேங்காய் நார்க்கயிறு வாங்கிப் போங்கள். சோபாவின் ஆயுசு கெட்டி!